கடலோரக் கேள்வி-பதில்: ஃபைபர் படகுக்கு எந்த ஏ.ஐ.எஸ்.?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருள்தான்: கப்பல்கள் வயர்லெஸ்ஸில் தாங்களே சொல்வதைக் கேட்டு, சுற்றிலும் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஏ.ஐ.எஸ். பெட்டி. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன, ஆட்கள் கையில் நேரம் இருக்கிறது, கடைக்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அக்கரைப்பேட்டையில் வயர்லெஸ் செட்டும், கடலின் ஆழம் காட்டும் எக்கோவும் பழுது பார்ப்பது என் தொழில். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். எந்தக் கம்பெனியும் எனக்குக் கமிஷன் தருவதில்லை.

கேள்வி: என்னுடையது 32 அடி ஃபைபர் படகு, அவுட்போர்டு மோட்டார். இரவில் செவுள் வலை விட்டுக் கிடப்போம். வலை கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளம். போன மார்கழிப் பனியில் காரைக்கால் துறைமுகம் போகிற நிலக்கரிக் கப்பல் ஒன்று வலையை ஒட்டியே கடந்து போனது. கடையில் மூன்று பெட்டி காட்டுகிறார்கள். ஒன்று மடிக்கணினியில் செருகுகிற யு.எஸ்.பி. ரிசீவர், ஒன்று போனுக்கு வைஃபையில் அனுப்புகிற ரிசீவர், மூன்றாவது நம்மையும் கப்பலுக்குக் காட்டுகிற ‘கிளாஸ் பி’. நாற்பது மைல் எடுக்கும் என்கிறார் கடைக்காரர். படகில் இருக்கிற வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டின் ஆன்டெனாவிலேயே ஒரு ‘டி’ ஜாயின்ட் போட்டால் போதுமாம். எதை வாங்கட்டும், அண்ணே? (தரங்கம்பாடி வாசகர்)

பதில்: தம்பி, அந்த ‘டி’ ஜாயின்டை முதலில் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வி.எச்.எஃப். செட்டில் மைக்கை அழுத்தினால் 25 வாட் வெளியே போகிறது. ஏ.ஐ.எஸ். ரிசீவர் வாங்கிப் பழகிய சிக்னலோ ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்குக்கும் எத்தனையோ மடங்கு கீழே. இரண்டையும் ஒரே ஒயரில் இணைத்தால், நீங்கள் முதல் தடவை பேசும்போதே ரிசீவரின் முன்பகுதி கருகிவிடும். ஒரே ஆன்டெனாவில் இரண்டையும் ஓட்ட ‘ஸ்பிளிட்டர்’ என்று தனிப் பெட்டி உண்டு. பேசுகிற நேரத்தில் அது ரிசீவரைத் துண்டித்துவிடும். அதற்குக் கொடுக்கிற காசுக்கு இரண்டாவது ஆன்டெனாவே வாங்கலாம் என்பது என் கட்சி. ஒன்று முறிந்தாலும் இன்னொன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்.

நாற்பது மைல் விஷயத்துக்கு வருவோம். ஏ.ஐ.எஸ். ஓடுவது 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு சானலில். இது வி.எச்.எஃப். அலை. பூமியின் வளைவைத் தாண்டி அதிக தூரம் போகாது. கணக்கு எளிது. உங்கள் ஆன்டெனா தண்ணீரிலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதற்கு வர்க்கமூலம், கப்பல் ஆன்டெனாவின் உயரத்துக்கு வர்க்கமூலம், இரண்டையும் கூட்டி 2.2ஆல் பெருக்குங்கள். வருவது கடல் மைல். உங்கள் கம்பம் 4 மீட்டர், கப்பலுடையது 36 மீட்டர் என்றால் இரண்டும் ஆறும் எட்டு, 17.6 மைல். நாற்பது மைல் வேண்டுமானால் ஃபைபர் படகில் நீங்கள் ஏறக்குறைய 148 மீட்டர் கம்பம் நட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதைப்போல் இரண்டு பங்குக்கும் மேலே. சில நாட்களில் கடலுக்கு மேல் காற்று அடுக்கடுக்காக நின்று, எங்கோ தொலைவில் இருக்கிற கப்பலும் திரையில் வந்து நிற்கும். கடைக்காரர் அப்படிப்பட்ட ஒரு நாளில் பார்த்திருப்பார்.

இதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. கம்பத்தை 4 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு இறக்கினாலும் அதே கப்பல் 16 மைலுக்கு மேல் தெரியும். தூரத்தைக் கொடுப்பது பெரும்பாலும் கப்பலின் உயரம்தான். ஆகவே சின்னப் படகில் உயரக் கம்பம் நட்டுப் படகை ஆட வைக்காதீர்கள். ஆன்டெனா செங்குத்தாக நிற்கிறதா, ஈர வலையும் ஆட்களும் அதை மறைக்காமல் இருக்கிறார்களா, கேபிள் நல்லதா, இந்த மூன்றைப் பாருங்கள். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் ஐந்தாறு மீட்டருக்குப் பரவாயில்லை. நீளம் கூடினால் தடித்த ஆர்.ஜி.-213 போடுங்கள். என்னிடம் ‘ரிசீவர் செத்துப்போச்சு’ என்று கொண்டுவரும் பெட்டிகளில் நிறைய, பெட்டியில் கோளாறே இருக்காது. கனெக்டருக்குள் உப்புத் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருக்கும். கனெக்டரை இறுக்கியதும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதா டேப் ஒரு சுற்றுப் போட்டால் இந்த வேலை எனக்கு வராது. கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளையம் விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பெட்டிகளில் யு.எஸ்.பி. ரிசீவர் நல்ல பொருள்தான். ஆனால் ஃபைபர் படகில் மடிக்கணினியை எங்கே வைப்பீர்கள், ஐஸ் பெட்டி மேலேயா? அதை விட்டுவிடுங்கள்.

வைஃபை ரிசீவர் உங்களுக்குச் சரிப்படும். வாங்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: இரண்டு சானலையும் ஒரே நேரத்தில் கேட்கிறதா, மாறி மாறிக் கேட்கிறதா? கப்பல் ஒரு தடவை ஒரு சானலிலும் அடுத்த தடவை மற்றதிலும் செய்தி அனுப்புகிறது. மாறி மாறிக் கேட்கிற மலிவுப் பெட்டி பாதியைத் தவறவிடும். ஓடுகிற பெரிய கப்பல் 2 முதல் 10 வினாடிக்கு ஒரு தடவை தன் இடத்தைச் சொல்வதால் பாதி போனாலும் சமாளித்துவிடலாம். கிளாஸ் பி வைத்திருக்கிற படகு 30 வினாடிக்கு ஒரு தடவைதான் சொல்லும். கப்பலின் பெயரோ 6 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதைத் தவறவிட்டால் திரையில் கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விலை வித்தியாசம் பெரிதில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்கிற பெட்டியையே வாங்குங்கள்.

போனில் ஓப்பன்சிபிஎன் போன்ற மென்பொருளைப் போட்டு, கடல் வரைபடத்தைக் கரையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அப்புறம் அலாரம் அடிக்காது. அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, வீட்டுத் திண்ணையில் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோங்கள். ரிசீவர் குடிக்கிற கரண்ட் கொஞ்சம்தான். போன்தான் அதிகம் குடிக்கும்.

கடைக்காரர் உங்களிடம் சொல்லாத நாலாவது வழி ஒன்று உண்டு. ஏ.ஐ.எஸ். ரிசீவர் உள்ளேயே இருக்கிற வி.எச்.எஃப். செட். ஐகாம், ஸ்டாண்டர்ட் ஹாரைசன் கம்பெனிகள் செய்கின்றன. ஒரே ஆன்டெனா, தண்ணீர் புகாத ஒரே பெட்டி. சின்னத் திரையில் கப்பலின் பெயர் தெரியும், அந்தப் பெயரைச் சொல்லி, அழைப்புக்கும் அபாயத்துக்கும் உள்ள 16ஆம் சானலில் அப்போதே கூப்பிடலாம். ‘கப்பல் கப்பல்’ என்று பொதுவாகக் கத்தினால் எந்த மாலுமியும் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்க மாட்டான். உங்கள் பழைய செட் ஓய்வு பெறுகிற வயதில் இருக்கிறது என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் வாங்குவேன். செட் புதிதாக இருந்தால் வைஃபை ரிசீவர்.

அடுத்தது அலாரம். கப்பல் எவ்வளவு நெருங்கி வந்தால், எத்தனை நிமிடத்துக்கு முன்னால் அடிக்க வேண்டும் என்று நீங்கள்தான் வைக்க வேண்டும். எல்லாரும் ஒரு மைல், பதினைந்து நிமிடம் என்று வைக்கிறார்கள். பாய்மரப் படகில் உல்லாசமாகப் போகிறவருக்கு அது சரி. உங்கள் வலை இரண்டு கிலோமீட்டர், அதாவது ஒரு கடல் மைலுக்கு மேல். பெட்டி தூரத்தை அளப்பது உங்கள் படகிலிருந்து. வலையின் மறுமுனை எங்கே மிதக்கிறது என்று அதற்குத் தெரியாது. படகுக்கு ஒரு மைல் தள்ளிப் போகிற கப்பல் வலையின் கடைசி மிதவை மேலேயே ஏறிப் போகும், பெட்டி வாய் திறக்காது. ஆகவே வலை நீளத்தோடு ஒரு மைல் சேர்த்து, இரண்டே கால் மைல் வையுங்கள். நேரத்தை வலை வாங்க எவ்வளவு ஆகுமோ அதற்கு மேல் வையுங்கள். 12 நாட் வேகத்தில் வருகிற கப்பலை 17 மைலில் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதைப் பதினைந்து நிமிடமாகச் சுருக்கிக்கொள்வானேன்?

வெளிச்சத்துக்காகப் படகில் மலிவு எல்.இ.டி. பல்பு கட்டியிருந்தால் இதையும் கேளுங்கள். (எல்.இ.டி. வெளிச்சம் காட்டி மீனை வரவழைத்துப் பிடிப்பது 2017இலேயே மத்திய அரசு தடை செய்த சமாச்சாரம், அது வேறு.) அந்தப் பல்புக்குள் இருக்கிற சர்க்யூட் கக்குகிற இரைச்சல் வி.எச்.எஃப்., ஏ.ஐ.எஸ். இரண்டையும் அமுக்கிவிடும். 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே விட்டது. சோதனை சுலபம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வயர்லெஸ் செட்டில் ஒரு வெற்றுச் சானலை வைத்து, இரைச்சலை அடக்குகிற ‘ஸ்குவெல்ச்’ திருகை, இரைச்சல் சரியாக அடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த விளக்குக்கு இரைச்சல் திரும்ப வருகிறதோ அதுதான் திருடன். மலிவு போன் சார்ஜரையும் இதே வரிசையில் நிறுத்துங்கள்.

கிளாஸ் பி பற்றி. ரிசீவர் கேட்க மட்டும் செய்யும். கப்பலுக்கு உங்களைக் காட்டாது. கிளாஸ் பி காட்டும். பனியில் கப்பல் பாதையில் வலை விடுகிறவருக்கு அது நிச்சயம் மேல், மறுக்கவில்லை. ஆனால் அது அலை பரப்புகிற கருவி. வயர்லெஸ் உரிமமும், எம்.எம்.எஸ்.ஐ. என்கிற அந்த ஒன்பது இலக்க அடையாள எண்ணும் வேண்டும். அந்த எண்ணைப் பெரும்பாலான பெட்டிகளில் வாங்குகிறவர் ஒரே ஒரு தடவைதான் பதிய முடியும். உடைத்த படகிலிருந்து கழற்றிய பழைய கிளாஸ் பி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அதற்குள் வேறொரு படகின் எண் இருக்கும். நீங்கள் ஆபத்தில் மாட்டினால் தேடுகிறவர்கள் அந்தப் படகின் வீட்டுக்குப் போன் செய்வார்கள். முதலில் ரிசீவர், உரிம வேலை முடிந்தபின் கிளாஸ் பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் பழைய முறை இருக்கவே இருக்கிறது. வலை விட்டுக் கிடக்கிற படகு சுற்றிலும் தெரியும் சிவப்பு விளக்கு மேலே, வெள்ளை விளக்கு கீழே காட்ட வேண்டும். வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டால் வலை கிடக்கிற பக்கம் இன்னொரு வெள்ளை. இது சர்வதேச விதி. நம் கரையில் எத்தனை பேர் இதைக் கட்டுகிறார்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

கேள்வி: எங்கள் விசைப்படகில் அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. அதற்கு மேல் ஏ.ஐ.எஸ். எதற்கு? (பழையாறு வாசகர்)

பதில்: அது வேறு வேலை, இது வேறு வேலை. 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தொடங்கி வைத்த திட்டத்தில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்த கருவி உங்களுடையது. இஸ்ரோ உருவாக்கியது. செயற்கைக்கோள் வழியே கரைக்கும் படகுக்கும் குறுஞ்செய்தி போய் வரும். செல்போன் கோபுரம் எட்டாத தூரத்திலும் புயல் எச்சரிக்கை வரும், ஆபத்து என்றால் நீங்கள் கரைக்குச் சொல்லலாம். பொன்னான பொருள், கழற்றிவிடாதீர்கள். ஆனால் உங்கள் அணியத்துக்கு நேரே ஒரு கப்பல் வந்தால் அதற்கு அது தெரியாது, கப்பலுக்கும் அது உங்களைக் காட்டாது. ஏ.ஐ.எஸ். என்பது கப்பலும் படகும் கரையைக் கேட்காமல் நேருக்கு நேர் பேசுகிற முறை. படகின் நீளம் 20 மீட்டருக்கு மேல் என்றால் ஏ.ஐ.எஸ். கட்டாயம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசைப்படகு என்பதால் வீல்ஹவுஸில் கடல் வரைபடம் காட்டும் பிளாட்டர் இருக்கும். ரிசீவரை அதில் இணைக்க நினைத்தால், பிளாட்டரின் புத்தகத்தில் ஏ.ஐ.எஸ். உள்வாங்கும் என்று போட்டிருக்கிறதா, 38,400 பாட் (தகவல் போகிற வேக அளவு) வேகம் ஏற்கிறதா என்று பாருங்கள். பழைய பிளாட்டர்கள் நிறைய 4,800 பாட் வேகத்தோடு நின்றுவிடும். அப்படிப்பட்டதில் ரிசீவரைக் கட்டினால் ஒன்றுமே வராது, நீங்கள் ரிசீவரைத் திட்டுவீர்கள்.

கேள்வி: போனில் இலவச ஆப்பிலேயே கப்பல் எல்லாம் தெரிகிறதே, காசு போட்டு ரிசீவர் ஏன்? இலங்கை நேவி கப்பல் அதில் தெரியுமா? (கோடியக்கரை வாசகர்)

பதில்: ஆப்பில் நீங்கள் பார்ப்பது, எங்கோ கரையில் ஒருவர் வைத்திருக்கிற ரிசீவர் கேட்டு, இணையத்தில் ஏற்றி, உங்கள் போனுக்கு இறங்கி வந்த படம். பக்கத்துக் கரையில் ரிசீவர் இல்லையென்றால் கப்பல் பழைய இடத்திலேயே நிற்கும். நீங்கள் கடலுக்குள் போகப் போக டவரும் போய்விடும். வேடிக்கை பார்க்க ஆப், படகுக்கு ரிசீவர்.

நேவி கப்பல் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏ.ஐ.எஸ்.ஸைக் கட்டாயமாக்கிய, சோலாஸ் என்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி போர்க்கப்பலுக்குப் பொருந்தாது, எந்த நாட்டுக் கப்பலானாலும் சரி. அது கட்டாயப்படுத்துவது வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல், உள்நாட்டிலேயே ஓடும் 500 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல், எல்லாப் பயணிகள் கப்பல் ஆகியவற்றைத்தான். கப்பலின் ஒன்பது இலக்க எண்ணைப் பார்த்து நாட்டைச் சொல்லலாம்: 419 என்று தொடங்கினால் இந்தியா, 417 இலங்கை, 636 லைபீரியா, 538 மார்ஷல் தீவுகள். 970 என்று தொடங்குகிற எண் வந்தால் அது கப்பல் இல்லை, உயிர்காப்புப் படகிலிருந்து வருகிற அபாய அழைப்பு. அதைக் கண்டால் உடனே 16ஆம் சானலில் சொல்லுங்கள். எல்லைக் கோட்டை ரிசீவர் காட்டாது, வரைபடம்தான் காட்டும். திரையில் ஒன்றும் இல்லை என்பதால் கடலில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் பக்கத்து ஊர் ஆறுகாட்டுத்துறையிலிருந்து இரவில் வருகிற ஃபைபர் படகு ஒன்றுகூட அதில் தெரியாது.

கேள்வி: அலையாத்திக் காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போகும் படகுக்கு ஏ.ஐ.எஸ். வைக்கலாமா? (முத்துப்பேட்டை வாசகர்)

பதில்: வேண்டாம். லகூனுக்குள் எந்தக் கப்பல் வரப்போகிறது? அந்தக் காசுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள், குழந்தைகள் அளவிலும் சேர்த்து.

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஏ.ஐ.எஸ். கேட்க மலிவான வழி உண்டா? (நாகூர் வாசகி)

பதில்: உண்டு தங்கச்சி, உங்கள் ஊர் அதற்கென்றே அமைந்தது. வாஞ்சூர் பக்கம் துறைமுகம், கிழக்கே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிற கப்பல்கள். டி.வி. பார்க்கச் செய்த ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் ஒன்று வாங்கி, கணினியில் ஏ.ஐ.எஸ்.-கேட்சர் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். இரண்டு சானலையும் சேர்த்தே பிடிக்கும். ஆன்டெனாவை நீங்களே செய்யலாம். ஏறக்குறைய 44 செ.மீ. செம்புக் கம்பி ஒன்று மேல்நோக்கி, அதே நீளத்தில் நான்கு கம்பி கீழே சாய்வாக, நடுவில் ஒரு கனெக்டர். ஆச்சரியக்குறியோடு ஏ.ஐ.வி.டி.எம். என்று தொடங்கும் வரிகள் திரையில் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு சானலிலும் ஒரு நிமிடம் 2,250 துண்டாகப் பிரிந்திருக்கிறது. யாரும் கட்டளையிடாமல் ஒவ்வொரு கப்பலும் மற்றதன் துண்டில் நுழையாமல் தனக்கென்று ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நங்கூரம் போட்ட கப்பல் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பேசும், வரவில்லையே என்று பதறாதீர்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் ஓடுகிற நாளில் அது எத்தனை மைலில் திரையை விட்டு மறைகிறது என்று குறித்து, மேலே தரங்கம்பாடித் தம்பிக்குச் சொன்ன கணக்கோடு ஒத்துப் பாருங்கள். டாங்கிளைப் படகில் வைக்க யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், உப்புக் காற்றுக்குத் தாங்காது. ஐப்பசி இடிமழை தொடங்கினால் கேபிளைக் கணினியிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.